புயலுக்கும் வயலுக்கும் அடுத்த சொல்

காலையில் செய்தித்தாள் வந்ததும் ஆம்ப்ரோஸ் கோம்பன் மூக்குக்கண்ணாடியைத் தேடமாட்டார், பென்சிலைத் தேடுவார். தச்சர்கள் காதில் செருகிக்கொள்ளும் பட்டைப் பென்சில். கல்லில் கோடு போட்டுப் பழகிய கை என்பதால் அதைப் பேனாவைப் போலப் பிடிக்காமல் கத்தியைப் போலப் பிடிப்பார். தாளை மேசையில் விரித்து ஒரு மூலையில் மர்மலேட் ஜாடி, ஒரு மூலையில் வெண்ணெய்த் தட்டு, ஒரு மூலையில் டீ கெட்டில், மிஞ்சிய மூலையில் தன் இடது முழங்கை என்று பாரம் வைத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை விரலை ஓட்டிக்கொண்டே போவார். செய்தி எதையும் படிப்பதில்லை. தேடுவது ஒரே ஒரு சொல்லை. அது அகப்பட்டால் பென்சிலின் பட்டைப் பக்கத்தால் ஒரே இழுப்பு. சொல் போய் அந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டி உட்கார்ந்திருக்கும். பிறகு தாளை மடித்து மருமகன் டென்சிலின் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார்.

பெரும்பாலான நாட்களில் அந்தச் சொல் வராது. ஈஸ்டர் நெருங்கினால்தான் பென்சில் தேயும். சாக்லேட் விளம்பரத்திலும் சிறுவர் பக்கத்திலும் அந்தப் பிராணி காதைத் தூக்கிக்கொண்டு நிற்கும். படமாக இருந்தால் காதை மட்டும் அடித்துவிடுவார். காது போனால் அது பூனைக்குட்டி. பூனைக்குட்டியால் யாருக்கும் ஆபத்தில்லை.

"இன்னைக்கு எத்தன பேரைப் போட்டுத் தள்ளினீங்க, ஆம்ப்ரோஸ்?" என்பான் டென்சில், பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே.

"ஒண்ணே ஒண்ணு. சமையல் பக்கத்துல, கேரட்டோட."

"பாவம்."

"கேரட்டுதான் பாவம். இப்போ தனியா வேகுது."

நானும் அந்தச் சொல்லை இங்கே எழுதப் போவதில்லை. இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் இந்தப் போர்ட்லண்ட் தீவில் பல வருடம் இருந்துவிட்டேன். எழுதக் கை கூசுகிறது. நீளக் காது, குட்டை வால், கோசுப் பாத்திக்கு எமன், மண்ணைக் குடைந்து வளை தோண்டும், தாவித் தாவி ஓடும். தீவில் அதற்கு நீளக்காதன் என்று பெயர். கறியாகித் தட்டில் வந்தால் நிலத்தடி ஆட்டுக்கறி. இது கல் வெட்டிப் பிழைக்கிறவர்களின் தீவு. ஒரு நீளக்காதன் கண்ணில் பட்டாலோ, யாராவது வாய் தவறி அதன் உண்மைப் பெயரைச் சொன்னாலோ, ஆம்ப்ரோஸின் அப்பா காலத்தில் உளியை அப்படியே கீழே போட்டுவிட்டு அத்தனை பேரும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்களாம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை, முதலாளி உட்பட. மறுநாள் பாறையை நான்கு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.

நான் ஆம்ப்ரோஸ் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். மருந்துக்கடையில் வேலை. அவர் மகள் வெரிட்டியும் டென்சிலும் பக்கத்து வீடு. வெரிட்டி விடியும் முன்பே பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போய்விடுவாள் என்பதால் டென்சிலுக்குக் காலைச் சாப்பாடு மாமனார் வீட்டில். சாப்பிட்டுவிட்டு அவன் நேராக மலைக்கு அடியில் போவான். இப்போதெல்லாம் கல்லை மேலிருந்து வெட்டுவதில்லை. பக்கவாட்டில் சுரங்கம் குடைந்து, நடுவே தூண் விட்டு, பெரிய வாளால் அறுத்து எடுக்கிறார்கள். தலைக்கு மேலே முழுத் தீவும் உட்கார்ந்திருக்கும். செய்தித்தாளை அந்த மனிதர் கறுப்படித்தது அந்தத் தலைக்காகத்தான். அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. டென்சிலும் கேட்டதில்லை.

ஆம்ப்ரோஸ் பதினாறு வயதில் குவாரிக்குப் போனவர். கிரேன் ஓட்டினார். நெஞ்சில் தூசி ஏறி, அறுபது ஆவதற்கு முன்பே வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. மனைவி ஹெட்டி அதற்கு முந்தைய வருடமே இறந்திருந்தாள். "அவ போனப்புறம் வீட்டுல எல்லாச் சண்டையிலயும் நான்தான் ஜெயிக்கிறேன். ஜெயிக்கிறது இவ்வளவு சலிப்புன்னு தெரியாமப் போச்சு" என்பார். இதை அவர் பப்பில்தான் முதலில் சொன்னார். சிரித்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள் என்று பப் நடத்தும் மேவிஸ் சொல்வாள்.

அங்கேதான் அவர் கவியானார். கண்ணாடித் தம்ளரைப் பார்த்துக்கொண்டே நாலு வரி சொல்வார், ஒரு கதை சொல்வார், மறுபடி நாலு வரி. லண்டனிலிருந்து வந்த ஒருவர் எங்கள் கல்லைப் புகழ்ந்து பேசியபோது, "உங்க ஊரு மாளிகை, கோயில் எல்லாம் எங்க கல்லுதான். எங்களுக்கு மிச்சம் இருக்கறது ஓட்டை. அதுக்கும் சேத்து வரி கட்டறோம்" என்றார். தீவில் பிறக்காதவனைக் கிம்பர்லின் என்பார்கள். நான் எப்போது தீவுக்காரன் ஆவேன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "இங்கயே செத்தீன்னா பாதி ஆகலாம். மீதிப் பாதிக்கு இன்னொரு தடவ சாகணும்" என்று பதில் வந்தது.

ஆனால் இங்கிலாந்து முழுக்க அவர் பெயர் பரவியது ஒரு பாட்டால். அவர் மொழியில் நீளக்காதனின் உண்மைப் பெயரோடு ஒத்து ஒலிக்கும் சொல் 'பழக்கம்' என்று பொருள்படுவது. தமிழில் நமக்கு இன்னும் வசதி. நான் எனக்காகச் செய்துவைத்திருக்கும் தமிழ் வடிவம் இது:

மேட்டை அடித்தது மேற்குப் புயல்,
மேவிஸ் அழுதாள்: "போச்சே வயல்!"
மிச்சத்தை மென்றது குட்டி—

இங்கே நிறுத்துவார். ஒரு மிடறு பீர் உள்ளே போகும். கூடத்தில் இருக்கும் அத்தனை பேர் வாயிலும் அந்தச் சொல் வந்து நிற்கும். எதுகை இழுக்கிறதே, என்ன செய்வார்கள்? வெளியூர்க்காரர்கள் கத்தியே விடுவார்கள். அவர் தம்ளரை வைத்துவிட்டு முகத்தில் ஆச்சரியம் காட்டி, "பாதிரியார். ஏன், நீங்க என்ன நினைச்சீங்க?" என்பார். அடுத்த செய்யுளில் வரி அதிகாரி, அதற்கடுத்ததில் மச்சான். பன்னிரண்டு செய்யுள், பன்னிரண்டு தப்பித்தல். வரியை எங்கே உடைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் நவீன கவிஞர்கள் பலரைப் படித்திருக்கிறேன். இவ்வளவு பேரை ஒரு வரியின் விளிம்பில் தொங்கவிட்ட இன்னொருவரைப் பார்த்ததில்லை.

சுற்றுலாவுக்கு வந்த ஒரு பெண் அதைக் கைப்பேசியில் பதிவு செய்தாள். அது வானொலிக்குப் போயிற்று. பிறகு மண்டபங்கள், விழாக்கள், மேற்கு முனையிலிருந்து ஸ்காட்லாந்து எல்லை வரை. அவர் சொன்னதெல்லாம் கோப்பையிலும் துவாலையிலும் அச்சாகி வந்தது. யாரோ ஒருவர் பத்திரிகையில் அவருடைய ஞானத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதினார். "ஞானமா? எனக்கு முதுகுவலின்னுல்ல டாக்டர் சொன்னாரு" என்றார் ஆம்ப்ரோஸ்.

தீவில் எல்லோரும் சிரித்தார்கள். ரூபன் பியர்ஸ் சிரிக்கவில்லை. சுரங்கத்தில் வேலை பார்ப்பவர்களில் வயதானவர் அவர். இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. ஒரு மாலை பப்பில், நண்டு சாண்ட்விச்சை வாய்க்குக் கொண்டுபோனவர் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நேத்து எந்த ஊருல பாடினே?"

"பிரிஸ்டல்ல."

"எத்தன பேரு?"

"மண்டபம் நிறைய."

"அத்தன பேரும் அதைச் சொன்னாங்களா?"

"நான் சொல்லல ரூபன். என் வாயில அது வந்ததே இல்ல. உனக்குத் தெரியும்."

"நீ சொல்லலப்பா. மண்டபம் நிறைய ஆளைச் சேத்து வெச்சு, ஒரே மூச்சுல சொல்ல வெச்சே. எது பெருசு?"

"அவங்க கிம்பர்லினுங்க. அவங்க தலைக்கு மேல பாறை இல்ல."

"நம்ம பசங்க தலைக்கு மேல இருக்கு. அவங்களும் கேக்கறாங்க." ரூபன் சாண்ட்விச்சைத் தள்ளிவைத்தார். "பல்லுக்குள்ள வெச்சிருந்தோம் ஆம்ப்ரோஸ். அதை எடுத்து மிட்டாய் மாதிரி குடுத்துட்ட."

"கண்ணு, ரெண்டு பேரும் சாப்பிடறீங்களா, நான் எடுத்துட்டுப் போகவா?" என்று மேவிஸ் குறுக்கே வந்தாள். ஆம்ப்ரோஸ் ஏதோ நகைச்சுவை சொல்லப்போகிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அப்படி நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

அதன் பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. சுரங்கத்தில் வண்டி ஓட்டும் பிராடி என்ற இளைஞன் சந்தையில் வாங்கிய பஞ்சுப் பொம்மை ஒன்றை வண்டியின் முன்னால் கம்பியில் கட்டிவைத்தான். நீளக் காதுகளோடு, சிவப்புக் கழுத்துப்பட்டையோடு. டென்சில் அதைப் படமெடுத்து வந்து காலைச் சாப்பாட்டில் காட்டினான்.

"பாருங்க, பிராடி வேலை. உங்க பாட்டு பன்னிரண்டையும் மனப்பாடமா சொல்றான். உங்களை விட நல்லா நிறுத்தறான்."

ஆம்ப்ரோஸ் படத்தைப் பார்த்தார். அடிப்பதற்கு அது காகிதமில்லை. "ரூபன் ஒண்ணும் சொல்லலியா?"

"ரூபன் அந்த வண்டிப் பக்கமே வர்றதில்ல. சுத்திக்கிட்டுப் போறாரு. அதுவே பசங்களுக்குச் சிரிப்பு."

அந்தக் குளிர்காலம் மழை நிற்கவே இல்லை. கடல் கூழாங்கல் கரையைத் தாண்டிச் சாலைக்கு வந்தது. மலைமேல் புல்வெளிகள் நனைந்த ரொட்டி போல ஊறிக் கிடந்தன. பிப்ரவரியில் ஒரு நாள் உண்மையான நீளக்காதனே சுரங்க வாசலில் வந்து உட்கார்ந்ததாம். அப்பா காலமாக இருந்தால் தீவு முழுக்க அன்றைக்கு விடுமுறை. இவர்கள் அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பிராடி அதற்கு முன்னால் குனிந்து, "பாதிரியார் ஐயா, உள்ள வாங்க" என்று வரவேற்றானாம். எல்லோரும் உள்ளே போனார்கள். ரூபன் மட்டும் வீட்டுக்குப் போய் ஒரு நாள் சம்பளத்தை இழந்தார். ஒன்றும் விழவில்லை.

"பாத்தீங்களா? ஒண்ணும் ஆகல" என்றான் டென்சில்.

"ஆகலதான்" என்றார் ஆம்ப்ரோஸ்.

"உங்களுக்குச் சந்தோஷம்தானே? நீங்கதான் எங்க பயத்தைப் போக்கினீங்க."

அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தடவி முடித்த பிறகும் தடவினார். ரொட்டி கிழிந்தது.

மார்ச்சில் ஒரு ஞாயிறு பிற்பகல் வானொலிக்காரர்கள் மேவிஸின் பப்புக்கே வந்துவிட்டார்கள். தீவு மக்கள் நடுவே அந்தப் பாட்டைப் பதிவு செய்ய வேண்டும் என்று. வெரிட்டி அப்பாவுக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தாள். உட்கார இடமில்லை. பிராடியும் கூட்டாளிகளும் முன்வரிசை. சுவரோரமாக ரூபன், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

ஆம்ப்ரோஸ் இரண்டு கதை சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். பிறகு முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாவதில் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். தீவுக்காரர்களின் வாயிலிருந்து, அவர் ஊரிலேயே, அந்தச் சொல் வந்தது. கல் வெட்டுகிறவர்களின் பெருங்குரல். அலமாரியில் தம்ளர்கள் அதிர்ந்தன. முன்வரிசையில் கத்திய வாய்களில் ஒன்று டென்சிலுடையது.

ஆம்ப்ரோஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதிரியார் வரவே இல்லை. இது புது வகை நிறுத்தம் என்று நினைத்துச் சிரித்தவர்கள் மெல்ல அடங்கினார்கள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, "காத்து வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிப் பின்வாசல் வழியாகப் போனார். திரும்பி வரவில்லை.

"அப்பாவுக்கு மூச்சு முட்டுது போல" என்று வெரிட்டி வானொலிக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

வீட்டில் அவள் கேட்டபோது, "டென்சிலை வேற வேலைக்குப் போகச் சொல்லு" என்றார்.

"என்ன வேலைப்பா? இந்தத் தீவுல கல்லை விட்டா ஜெயில்தான் இருக்கு."

"ஜெயில் நல்ல இடம். கூரை கான்கிரீட்டு."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்து, தானும் நிறுத்தினாள். "அப்பா, அது வெறும் பேருப்பா. நீங்கதானே உலகத்துக்கே அதைச் சொல்லிக் குடுத்தீங்க?"

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள், அவர் காலை நடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது டென்சில் ஏற்கெனவே வேலைக்குக் கிளம்பிவிட்டிருந்தான். செய்தித்தாள் பிரிக்காமல் வாசலில் கிடந்தது. அவர் அதைத் தாண்டி வந்து மாடிப்படியின் கீழே நின்று என்னைக் கூப்பிட்டார்.

"கிம்பர்லின், வண்டி எடு. சுரங்கத்துக்குப் போகணும். இப்பவே."

வழியெல்லாம் அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. புதுப் பாட்டு கட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்.

சுரங்க வாசலுக்கு எதிரே தகரக் கொட்டகையில் ஆட்கள் டீ குடித்து முடித்து, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பிராடி வண்டிமேல் உட்கார்ந்திருந்தான். பொம்மையின் ஒரு காது மழையில் ஊறித் தொங்கியது.

"பெருசு! காலங்காத்தாலயே கச்சேரியா?"

ஆம்ப்ரோஸ் கதவைக்கூட மூடாமல் இறங்கி, வாசலுக்கும் அவர்களுக்கும் நடுவே போய் நின்றார். "யாரும் உள்ள போகாதீங்க."

"ஏன்?"

அவர் அந்தச் சொல்லைச் சொன்னார்.

எதுகை இல்லை, முன்னால் வரி இல்லை, நிறுத்தம் இல்லை. அறுபத்துச் சொச்சம் வயதில் முதல் தடவை. பழகாத நாக்கு என்பதால் அழுத்தம் தவறான இடத்தில் விழுந்து, வேற்றுமொழிச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படிப்பது போல இருந்தது. கொட்டகையில் ஒருவரும் அசையவில்லை.

"நீ பாத்தியா?" என்று ரூபன் கேட்டார்.

"பாத்தேன்."

"எங்க?"

"இங்கதான். மேல."

அப்போது பிராடி கை தட்டினான். "அட! புயலைக் காணோம், வயலைக் காணோம், பெருசு நேரா கடைசி வரிக்கு வந்துட்டாரு!"

கொட்டகை வெடித்துச் சிரித்தது. ஆம்ப்ரோஸ் மறுபடி சொன்னார், இந்த முறை கத்தி. சிலர் கூடவே கத்தினார்கள். மூன்றாவது முறை அவர் சொல்லும் முன்பே அத்தனை பேரும் சேர்ந்து சொல்லி, "பாதிரியார்!" என்று முடித்துக் கும்பிடு போட்டார்கள். அவர் கைகளை விரித்து, இல்லை இல்லை என்று தலையாட்டினார். அது இன்னும் பெரிய சிரிப்பைக் கொண்டுவந்தது. அவ்வளவு அருமையாக அவர் நடித்து யாரும் பார்த்ததில்லை.

ரூபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அவர் வயதை ஒட்டிய இன்னும் இருவர் அவர் பின்னால் நடந்தார்கள். மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சரி, சிரிச்சது போதும், உள்ள போங்க" என்றார்.

டென்சில் மட்டும் சிரிக்கவில்லை. காது மடல் வரை சிவந்திருந்தான். மாமனாரின் முழங்கையைப் பிடித்தான்.

"வண்டியில ஏறுங்க."

"நீ உள்ள போகாத."

"மானம் போகுது ஆம்ப்ரோஸ்! எல்லாரும் பாக்கறாங்க."

"போகட்டும். நீயும் ஏறு."

"நான் வேலைக்குப் போகணும்."

"அப்போ நானும் உள்ள வரேன். உன் பின்னாலயே வந்து, வழியெல்லாம் இதைக் கத்துவேன்."

டென்சில் கண்ணை மூடித் திறந்தான். பிராடியைப் பார்த்து, "இவரை வீட்டுல விட்டுட்டு ஓடி வந்துடறேன்" என்றான்.

"மெதுவா வா. வரும்போது கேரட் வாங்கிட்டு வா!" என்று பிராடி விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.

வீட்டில் டென்சில் கால்மணிகூட உட்கார்ந்திருக்கமாட்டான். ஆம்ப்ரோஸுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நிஜ இருமலா, வேண்டுமென்றே இழுத்த இருமலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் உதடு நீலமானது நிஜம். நான் மருந்தைப் புகையாக்கி மூக்கில் வைத்தேன். டென்சில் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தான். விடச் சொன்னால் விரல்களை இன்னும் இறுக்கினார். இப்படியே மதியம் ஆயிற்று.

சத்தம் என்று ஒன்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. அடுப்பங்கரை அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று உரசின, யாரோ எடுத்து அடுக்குவது போல. அது நின்றதும் நாய்கள் குரைக்கத் தொடங்கின.

டென்சில் ஓடினான்.

இடிபாட்டிலிருந்து இரண்டு பேரைக் காலும் விலாவும் உடைந்த நிலையில் வெளியே எடுத்தார்கள். பிராடியின் உடலை மறுநாள்தான் எடுக்க முடிந்தது. மேலே புல்வெளியே கிண்ணம் போல உள்வாங்கிவிட்டிருந்தது.

மூன்று நாள் கழித்துத் தீவில் பேச்சு கிளம்பியது. இத்தனை காலம் நாக்கைக் கட்டி வைத்திருந்தவர், சுரங்க வாசலில் நின்று, ஆட்கள் உள்ளே போகிற நேரம் பார்த்து மூன்று முறை அதைச் சொன்னார், தன் மருமகனை மட்டும் கையோடு கூட்டிப் போய்விட்டார், கூரை விழுந்தது. வாசலில் சிரித்தவர்கள்தான் இதை முதலில் சொன்னார்கள். அந்தச் சொல்லின்மேல் போயிருந்த பயமெல்லாம் ஒரே நாளில் திரும்பி வந்துவிட்டது. சுரங்கத்தில் இப்போது யாரும் அதைச் சொல்வதில்லை.

பிராடியின் அம்மா கோரல் ஒருநாள் வந்தாள். உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்றபடியே சொன்னாள்.

"நீ சொல்லாம இருந்திருக்கலாமே, ஆம்ப்ரோஸ்."

"ஆமா கோரல்" என்றார் அவர்.

"எம்பையன் உன்னைத் தூக்கி வெச்சுக் கொண்டாடினான்."

"ஆமா."

ஆம்ப்ரோஸ் கதவைப் பிடித்துக்கொண்டு, அவள் தெருமுனை திரும்பும் வரை நின்றார். பப்பில் அவருடைய வழக்கமான மேசையில் யாரும் உட்காரவில்லை, அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். மேவிஸ் மட்டும் பீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எப்போதும்போல் கண்ணு என்பாள். மண்டபங்களிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது. வெரிட்டி உடம்பு சரியில்லை என்று பதில் சொன்னாள். டென்சில் சிறைச்சாலையில் காவலர் வேலைக்குச் சேர்ந்தான். அவனும் மாமனாரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். பேசிக்கொள்வதில்லை. பிராடியிடம் சொன்னபடி தன்னைத் திரும்பிப் போக விடாததற்காக டென்சிலால் அவரை மன்னிக்க முடியவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் நெஞ்சுத் தூசி ஆம்ப்ரோஸை எடுத்துக்கொண்டது. செய்தித்தாள்கள் அவருடைய நகைச்சுவைகளை ஒரு பக்கம் முழுக்க அச்சிட்டன. அடக்கத்துக்கு வெளியூர்க்காரர்கள் நிறையப் பேர் வந்தார்கள். தீவுக்காரர்களில் ரூபனும் மேவிஸும் இன்னும் சிலரும்.

எல்லோரும் போன பிறகு நானும் வெரிட்டியும் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு அப்பா அதைப் பாக்கவே இல்லையாம். ஆஸ்பத்திரியில கடைசி வாரம் சொன்னாரு. நீளக்காதன் எதுவும் அங்க இல்ல."

"அப்போ எதைப் பாத்தாராம்?"

"மேல புல்வெளியில ஒரு விரிசல். முந்தின நாள் இல்லையாம். 'அதைச் சொல்லியிருந்தா நின்னிருப்பாங்களேப்பா'ன்னேன். 'விரிசல்னு சொன்னா யாராவது போய்ப் பாத்துட்டு வரணும், அதுக்குள்ள உள்ள போயிடுவானுங்க. இதைச் சொன்னா நிக்கற இடத்துலயே திரும்பிடுவானுங்கன்னு நெனச்சேன்'னாரு. அவங்க சிரிச்சதுக்கு அப்புறமும் விரிசல்ங்கிற சொல்லே அவர் வாய்க்கு வரலியாம்."

அவள் சோப்பு நுரையோடு கையைத் தூக்கி, விரிசலுக்குள் அவர் கையை விட்டபோது அது எதுவரைக்கும் போயிற்று என்று காட்டினாள். தோள்பட்டை வரைக்கும்.